ஒரு மணி நேரப் பிசகு

வெஸ்ட்மன்னா சால்மன் பண்ணையில் கணினி ஒன்றுதான்.
பகலில் நான். இரவில் ஹெர்கெய்ர்.
கூடப் பிறந்தவன்.
அப்பாவின் படகுக் கொட்டிலை
நடுவே பலகை அடித்துப் பிரித்துக்கொண்ட பிறகு
பேச்சுவார்த்தை இல்லை.

தலைநகரிலிருந்து ஹோக்னி வந்தான்.
ஈரக் காலுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு
வன்தட்டைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தான்.
தீவனக் கணக்கு விண்டோஸில்தான் ஓடும், அது எனக்கு.
மீன்பேன் எண்ணும் கேமராவுக்கு லினக்ஸ், அது அவனுக்கு.
"யாருக்கு எவ்வளவு?"
"சரிபாதி" என்றேன்.
வக்கீலிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.
திரையில் ஒரு நீலப் பட்டை
கத்தி படாமல் இரண்டானது.
கொட்டிலுக்குப் பதினோரு மாதம் பிடித்தது.
இதற்கு, காப்பி ஆறவில்லை.

அன்றிலிருந்து பொத்தானை அழுத்தினால்
கறுப்பில் இரண்டு வரி.
பத்து, ஒன்பது, எட்டு.
எதையும் தொடாவிட்டால் அவன் திறந்துகொள்வான்.
முதல் வரி அவன்.
மூத்தவள் நான்.
இதையும் மனதில் குறித்துவைத்தேன்.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தால்
என் அறை முழுக்கத் தெரியுமாம்,
உள்ளே வந்து எதையும் எடுக்கலாம், வைக்கலாம்.
என் பக்கத்திலிருந்து அவன் இடம்
பெயரில்லாத ஒரு டிரைவ்.
கை தவறிச் சொடுக்கினால் விண்டோஸ் பணிவாகக் கேட்கும்:
பயன்படுத்துமுன் இதை ஃபார்மேட் செய்ய வேண்டும்,
செய்துவிடலாமா?

அங்கே நாற்பதாயிரம் மீன்களின் விலாப்புறம் இருக்கிறது,
அவன் தூங்காத இரவுகள் இருக்கின்றன.
விண்டோஸுக்கு அது வெறும் தரிசு.

வேண்டாம் என்று அழுத்துவேன்.

கோபம் முற்றிய நாட்களில்
அந்தக் கேள்வியை வேண்டுமென்றே வரவழைத்து,
சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
வேண்டாம் என்று அழுத்துவேன்.

குளிர்காலம் முழுக்க வம்பில்லை.
இந்தத் தீவுகளில் அப்போது
ஊர் மணியும் உலகப் பொது மணியும் ஒன்று.
மார்ச் கடைசி ஞாயிறு
கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளினோம்.
திங்கள் காலை வந்தால்
சுவரில் எட்டு, திரையில் ஏழு.
மீன்கள் பட்டினி.
திருத்தினேன்.
மறுநாளும் ஏழு.
திருத்தினேன்.
மெனக்கெட்டுச் செய்கிறான் என்று பல்லைக் கடித்தேன்.
இரவில் அவன் திரையில் ஒரு மணி கூடுதலாம்,
நான்தான் செய்கிறேன் என்று அவன் கடித்திருக்கிறான்.

ஒரே தாய்ப்பலகை.
அதில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு பேட்டரி,
அதை நம்பி ஒரே ஒரு கடிகாரம்.
அது சொல்வதை நான் ஊர் மணி என்று படிக்கிறேன்,
அவன் உலக மணி என்று படிக்கிறான்.
யாரும் பொய் சொல்லவில்லை.
தீவனக் கணினிக்கு இணையம் தரக்கூடாது என்பது நிறுவன விதி,
வெளியிலிருந்து தீர்த்துவைக்க ஆளில்லை.

மே மாதம் ஹோக்னிக்குப் போன் போட்டேன்.
ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி, எழுத்தெழுத்தாகச் சொன்னான்.
"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் சரியாகிவிடும்."
இன்னொரு போனும் வந்ததை
அந்தப் பாவி சொல்லவில்லை.

வெள்ளி மாலை என் பக்கத்தை
உலக மணிக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.
வெள்ளி இரவு அவன் தன் பக்கத்தை
ஊர் மணிக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை. ஜன்னலில் மூடுபனி,
கூண்டுகள் தெரியவில்லை.
சுவரில் எட்டு.
திரையில் ஒன்பது.

கூடவே, நான் வைக்காத ஒரு கோப்பு
என் முகப்பில்:
"இனி உன் நேரம்தான். தொடாதே."

நெடுநேரம் சிரித்தேனா என்று தெரியவில்லை,
காப்பி சட்டையில் கொட்டியிருந்தது.
அவன் அறைக்குள் நான் எதையும் வைக்க முடியாது.
பதிலை என் அறையிலேயே வைத்தேன்,
இரவு வந்து படித்துக்கொள்வான்:
"ரெண்டு பேரும் மாற்றிவிட்டோம், முட்டாளே.
யாராவது ஒருத்தர் பழையபடி மாற்ற வேண்டும்."

யார் என்று எழுதவில்லை.
மணியைத் திருத்தவும் இல்லை.

அன்று மீன்களுக்கு
ஒரு மணி நேரம் முன்பாகவே சாப்பாடு.